கடல் கடந்த மணவினை



இரண்டு உள்ளங்கள் ஒன்றுபடுவதே திருமணம் என்று கவிஞர்கள் கூறுவர். இரண்டு குடும்பங்கள் ஒன்றுபடுவதே திருமணம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவர். மணமகன் கடலுக்கு அப்பாலும் மணமகள் இப்பாலும் இருப்பாராயின், மூன்றாவதாக ஒருவரும் அங்கே வந்து சேர்கிறார். அவரே குடியேற்ற அதிகாரி. ‘இவள் உன் மனைவிதான் என்பதற்குச் சான்று என்ன? இவளை நீ மணக்கத்தான் போகிறாய் என்பதற்கு உறுதி என்ன?’ என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்கும் பங்கு உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களோடு சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

சேலம் மாவட்டம் என்று இங்கே நான் குறிப்பது பழைய சேலம் மாவட்டத்தை. 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் அதினின்று பிரிந்து தனி மாவட்டங்கள் ஆயின. நானும் இந்தச் சமவெளியில் பிறந்தவன்; இங்கு நடைபெறும் திருமணங்களைச் சிறுவயது முதலே கண்டு வந்தவன். கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பெண்ணை உறுதி செய்யும்போது உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. உப்புச் சர்க்கரை மாற்றியபின் அந்தச் சொல்லிலிருந்து பின்வாங்குவது பெரும் பழியாகக் கருதப்படும். திருமணத்தை அருமைக்காரர் எனப்படும் பெரியவர் முன்னின்று நடத்தி வைப்பார். இவற்றிற்கெல்லாம் எழுத்து மூலமான சான்று ஏது? ஊராரே சான்று, உறவினரே சான்று. ‘இன்னாருக்கும் இன்னாளுக்கும் மணமாகிவிட்டதா?’ என்ற ஐயம் இவ்வூர்களில் எழுந்ததே இல்லை. ஊர் முழுவதும் பந்தியில் அமர்ந்து உண்ட திருமணத்தை யார்தாம் மறுக்க முடியும்?

ஆயினும், சட்டமும் சடங்கும் வேண்டாதவை என்று நான் கூற வரவில்லை. மக்களிடையே பொய்யும் தவறுதலும் தலைகாட்டிய பிறகே சான்றோர் மணச்சடங்குகளை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கற்பியலில் குறிப்பிடுகின்றார். இன்றைய அரசுகள் கூறும் காரணமும் ஏறத்தாழ இதுவே. ஆகவே விதி வேண்டுமா, வேண்டாமா என்பது நம் வினா அன்று. அந்த விதியின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதே நம் வினா.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிலுள்ள டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற்கூட்டம் அதுவே. 1911 வரையில் 1,52,184 பேர் அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அக்கப்பல்களின் பதிவேடுகள் இன்றும் உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அங்க அடையாளம் என்று வரிசை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் சேலம் என்ற மாவட்டப் பெயரை மீண்டும் மீண்டும் காண்கிறோம். 1876 முதல் 1878 வரை நீடித்த கொடிய பஞ்சத்தில் மிகுதியும் துன்புற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. பசி விரட்டிய மக்கள் கப்பலேறியதில் வியப்பில்லை.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களேனும் செல்ல வேண்டும் என்பது அக்காலத்து விதி. குடும்ப வாழ்வின்மேல் கொண்ட பரிவினால் மட்டும் எழுந்த விதி அன்று அது. தோட்டங்களில் ஒழுங்கு நிலவ வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. நேட்டால் அரசு 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியேறிய இந்தியரின் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் அலுவலகத்தில் திருமணங்களைப் பதிவு செய்யச் செய்தது. ஊரார் வாய்ச்சொல் இருந்த இடத்தில் ஒரு பதிவேடு வந்து அமர்ந்தது.

இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்றவர்களின் நிலை வேறு. கங்காணி தன் ஊரிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் உறவினரைக் கூட்டமாக அழைத்துச் சென்றான். யார் யாருக்குக் கணவன், யார் யாருக்கு மனைவி என்பது அக்கூட்டத்துக்கே தெரியும். தோட்டத்து இளைஞன் ஊருக்கு வந்து பெண்ணை மணந்து உடன் அழைத்துச் செல்வதற்கு அக்காலத்தில் பெருந்தடை இருக்கவில்லை. கடல் இருந்தது, ஆனால் கதவு இல்லை.

கதவு தென்னாப்பிரிக்காவில் சாத்தப்பட்டது. 1913 மார்ச்சு 14-ஆம் நாள், கேப் மாநிலத்து நீதிமன்றத்தில் சியர்ல் என்னும் நீதிபதி ஒரு தீர்ப்பு வழங்கினார். ஹசன் ஈசப் என்பவர் இந்தியாவில் இசுலாமிய முறைப்படி மணந்த தம் மனைவியைத் தம்மிடம் வரவழைக்க விரும்பினார். பலதார மணத்துக்கு இடந்தரும் சமயமுறையில் நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பின் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இந்து, முசுலிம், பார்சி மக்களின் திருமணங்கள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாதவையாகும் நிலை பிறந்தது. இருபது ஆண்டு கூடி வாழ்ந்தவளும் சட்டப்படி மனைவி அல்லள் என்று ஆயிற்று. அவள் பெற்ற பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்துக்கு இடமாயிற்று.

அதுவரை போராட்டத்தில் ஆடவரே சிறை சென்றனர். இத்தீர்ப்புக்குப் பின் காந்தியடிகள் பெண்களையும் அழைத்தார். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபாய் அம்மையார் சிறை புகுந்தார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள் குழுவில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தைகளோடு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, அங்கே உழைத்த தொழிலாளரிடம் பேசினர். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் மீது விதிக்கப்பட்டிருந்த 3 பவுன் தலைவரியும் மனைவியரின் மானமும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை வீதிக்குக் கொணர்ந்தன. தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மை என்ற பதினாறு வயது நங்கை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தாள்.

இப்போராட்டத்தின் எதிரொலி சேலத்திலும் கேட்டது. சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராஜாஜி, காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கச் சிறை அனுபவங்களைச் சிறு நூலாக அச்சிட்டுப் பரப்பி, அதனால் திரண்ட பொருளைப் போராட்டத்துக்கு அனுப்பினார்.

1914-இல் இந்தியர் துயர் நீக்கச் சட்டம் நிறைவேறியது. தலைவரி ஒழிந்தது. ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியச் சமயத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. இது பெரிய வெற்றியே. ஆயினும் அது நிலைத்து நின்றதா? இல்லை. நிறவெறி அரசு 1953-இல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவிலிருந்து மனைவியரை அழைத்து வரும் உரிமையைப் பறித்தது. இங்கே நிச்சயம் செய்யப்பட்ட பெண்ணும், அங்கே காத்திருந்த மாப்பிள்ளையும் ஒரு சட்டத்தின் இருபுறமும் நின்றனர். ஒருநாள் பெற்ற உரிமை என்றும் நம்முடையதே என்று எண்ணி உறங்குதல் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இலங்கையிலும் விதிகள் இறுகின. 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. ஒரே முறையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கியவரின் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. ஊருக்குப் பெண் பார்க்க வந்து, மழை பொய்த்த காலத்தில் குடும்பத்துக்குத் துணையாகச் சற்று நீண்ட நாள் தங்கிவிட்டவன், திரும்பிச் சென்றபோது அயலான் ஆகிவிடக்கூடும்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் மணமானவரைப் பற்றியவை. மணம் நிச்சயமானவரின் நிலை இன்னும் இக்கட்டானது. மனைவி என்பதற்கு ஒரு தாளேனும் காட்டலாம். ‘மணக்கப் போகிறேன்’ என்பதற்கு என்ன தாள் காட்டுவது? அமெரிக்க அரசு 1946-இல் தன் படைவீரருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்கள் வருவதற்குத் தனிச்சட்டம் இயற்றியது. 1970-இல் நிச்சயமானவர்களுக்கென்றே தனி விசா வகுப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அவ்விசாவில் வருபவர் 90 நாட்களுக்குள் மணம் முடிக்க வேண்டும். 1986-இல் போலித் திருமணங்களைத் தடுக்க மற்றொரு சட்டம் வந்தது. மனுச் செய்வதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. மணத்துக்கு முன் மணமக்கள் சந்திப்பதைத் தடுக்கும் நெடுநாளைய குலவழக்கம் இருப்பின் விலக்குத் தரலாம் என்ற இடமும் அதில் உண்டு. பிறர் வழக்கத்துக்கும் ஒரு சட்டம் இடம்விட முடியும் என்பதை இது காட்டுகின்றது.

பிரிட்டனில் நடந்ததோ நெஞ்சைப் பதைக்கச் செய்வது. 1979 ஜனவரியில் தம் வருங்காலக் கணவரை மணப்பதற்காக இந்தியாவிலிருந்து ஓர் ஆசிரியை இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அவருக்கு வயது 35. அவர் உண்மையிலேயே மணமாகாதவர்தாமா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். அதனை அறிய, கன்னிமைச் சோதனை என்ற பெயரில் மருத்துவர் ஒருவரைக்கொண்டு அவர் உடலைச் சோதித்தனர். செய்தி வெளியானதும் இரு நாடுகளிலும் கொதிப்பு எழுந்தது, சோதனை நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின், அரசின் பழைய கோப்புகளை ஆராய்ந்தவர்கள், இத்தகைய சோதனைகள் ஏறத்தாழ எண்பது பெண்களுக்கேனும் நடந்திருந்தன என்று 2011-இல் வெளிப்படுத்தினர். அவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவிலேயே, விசா வழங்கும் அலுவலகங்களில் நடந்தவை.

1913-இல் ஒரு பெண்ணை ‘நீ மனைவி அல்லள்’ என்றார்கள். 1979-இல் மற்றொரு பெண்ணை ‘நீ மனைவியாக இருக்கலாம்’ என்று ஐயுற்றார்கள். முன்னது மணமானவளை மணமாகாதவள் ஆக்கியது. பின்னது மணமாகாதவளை மணமானவளோ என்று சோதித்தது. இரண்டிலும் சுமை விழுந்தது பெண்ணின் மேலேயே.

ஆடவரும் தப்பவில்லை. 1980-களில் பிரிட்டன், ‘இத்திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று’ என்று விண்ணப்பித்தவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்தது. பெற்றோர் பார்த்து முடித்த திருமணத்தில் இதை மெய்ப்பிப்பது எங்ஙனம்? அவ்விதி 1997-இல் நீக்கப்பட்டது. இப்போது வேறு அளவுகோல்கள் வந்துள்ளன. அங்கே உள்ள துணைவரின் ஆண்டு வருமானம் 2012 முதல் 18,600 பவுன் இருக்க வேண்டும் என்றிருந்தது, 2024 ஏப்ரலில் 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. நிச்சயமானவராக அங்குச் செல்பவருக்கு ஆறு மாதம் தவணை. அதற்குள் மணம் முடிக்க வேண்டும். அதுவரை வேலை செய்யலாகாது. கனடா நாடோ 2002-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தோடு நிச்சயமானவர் என்ற வகுப்பையே எடுத்துவிட்டது. அவ்விடத்துக்குச் செல்ல விரும்புவோர் முதலில் மணந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கிடையில் வளர்ந்துள்ளது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் பதிவுக்கு வழி வகுத்தது. புரோகிதரின்றி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிச் செய்துகொண்ட சீர்திருத்தத் திருமணங்களுக்கு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொணர்ந்த திருத்தத்தால் 1968-இல் சட்ட ஏற்பு கிடைத்தது. எல்லாச் சமயத்தாரும் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009-இல் நிறைவேறியது. திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் விதி.

இன்று நம் சமவெளியிலிருந்து செல்வோர் பஞ்சத்துக்கு அஞ்சிச் செல்வோர் அல்லர். திருச்செங்கோட்டு ஆழ்குழாய்க் கிணற்று வண்டிகள் ஆப்பிரிக்க நாடுகள் வரை செல்கின்றன. இராசிபுரத்துப் பொறியாளரும் ஆத்தூர்ச் செவிலியரும் அயல்நாட்டில் பணிபுரிகின்றனர். அவர்களுக்குப் பெண்ணோ மாப்பிள்ளையோ தேடும் பெற்றோரிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. உப்புச் சர்க்கரை மாற்றுங்கள். அது நம் பெருமை. ஆனால் மாப்பிள்ளை செல்லும் நாட்டின் விதியை முதலில் கேட்டறியுங்கள். நிச்சயத்துக்குப் பின் செல்வதா, மணத்துக்குப் பின் செல்வதா என்பதை நாட்டுக்கு நாடு தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். வருமானம் எவ்வளவு, தவணை எத்தனை நாள், மணம் நடவாவிட்டால் பெண்ணின் நிலை என்ன என்பவற்றைத் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே பேசுங்கள். அழைப்பிதழையும் கடிதங்களையும் ஒளிப்படங்களையும் காத்து வையுங்கள். திருமணமானதும் பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல மறவாதீர்கள்.

பிற நாடுகள் தம் வாயிலில் காவல் வைப்பது அவற்றின் உரிமை. பொய் சொல்லி நுழைவோரைத் தடுப்பதும் முறையே. ஆனால் சான்று கேட்பது வேறு, மானத்தைக் கேட்பது வேறு. இந்த எல்லையை 1913-இல் வகுத்துக் காட்டியவர்கள், கையில் குழந்தையுடன் நியூகாசில் சுரங்கத்துக்கு நடந்த தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் பலவற்றை நாம் அறிவோம். நம் பாடநூல்களில் அவை மிகுதியாக இடம்பெறவில்லை. விசாவுக்கு விண்ணப்பம் எழுதும் ஒவ்வொரு வீட்டிலும், அவர்கள் கதையையும் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லி வைப்பது நம் கடமை என்று கூறி விடைபெறுகின்றேன்.