வலுவூட்டுக் கம்பித் தேர்வு
வலுவூட்டுக் கம்பித் தேர்வு என்பது, இழுவிசையில் எளிதில் விரிசல் விடும் கான்கிரீட்டுக்குள் இடும் எஃகுக் கம்பியின் தரத்தையும் விட்டத்தையும் கட்டடத்தின் தேவைக்கேற்ப முடிவு செய்தல். இந்தியாவில் இதற்கு அடிப்படை ஐ.எஸ். 1786:2008 தரநிர்ணயம். சந்தையில் பெரும்பாலும் கிடைக்கும் டி.எம்.டி. கம்பி, சூடாக உருட்டியவுடன் நீர் பீய்ச்சிக் குளிர்விக்கப்படுவது. அதனால் வெளிவளையம் கடினமாகவும் உள்கரு இளக்கமாகவும் அமைகிறது. எஃப்.இ. 500 என்ற தரப் பெயரிலுள்ள எண், கம்பி மீளாமல் நீளத் தொடங்கும் தகைவு. சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று பொருள்.

எண் கூடினால் கம்பி மேலானது என்ற கணிப்பு பாதியே சரி. அறுபடுமுன் நீளும் அளவு எஃப்.இ. 500-க்குக் குறைந்தது 12 விழுக்காடு, அதிக நீட்சிக்கான 500டி வகைக்கு 16, 600-க்கு 10 மட்டுமே. நிலநடுக்கத்தில் கட்டடம் சட்டென நொறுங்காமல் காப்பது இந்த நீட்சிதான். அதைக் கெடுப்பதால், 500டி-யில் கந்தகமும் பாஸ்பரசும் தலா 0.040 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 500-இல் வரம்பு 0.055. உயர்தரம் எஃகை மிச்சப்படுத்தும் என்பர். பாரம் மிகுந்த தூண்களில் அது மெய். சிறு வீட்டுத் தளத்திலோ, குறைந்தபட்ச எஃகளவும் தொய்வுமே பெரும்பாலும் கணக்கைத் தீர்மானிக்கின்றன. விறைப்பைக் குறிக்கும் மீள்மைக் குணகம் எல்லாத் தரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், தரம் உயர்ந்தாலும் தொய்வு குறையாது. உயர்தரக் கம்பியின் முழு வலிமையைப் பயன்படுத்த, இரு கம்பிகளை இணைக்க ஒன்றோடொன்று படியவிடும் லேப் நீளமும் கூட வேண்டும். தரம் எதுவாயினும் எடை சரிபார்க்கத்தக்கது: மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கான கிலோ கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு அது 0.89, மொத்தமாக நிறுக்கையில் 5 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் அனுமதி.