கேக் வெட்டியாச்சு, போட்டோ எடுத்தாச்சு... அப்புறம்? சென்னையில் குழந்தைகளுக்கு உதவ நினைக்கிறவங்களுக்கு!

சில வருஷங்களுக்கு முன்னாடி, ஃப்ரெண்ட் ஒருத்தியோட பர்த்டேவுக்காக சென்னையில ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். கேக், பிரியாணி, பலூன், கலர் பென்சில் பாக்ஸ்னு ஆட்டோ நிறைய பொருள். உள்ளே நுழைஞ்சதும் ஒரு குட்டிப் பொண்ணு ஓடி வந்து, ‘அக்கா, பர்த்டே யாருக்கு? பேரு சொல்லுங்க, பாடணும்ல?’ன்னு கேட்டா. சொன்னோம். பாட்டு முடிஞ்சதும் நாங்க கேமராவை எடுக்கக்கூட இல்லை, அதுக்குள்ள எல்லாரும் உயர வாரியா வரிசைகட்டி நின்னுட்டாங்க. சின்னப் பசங்க முன்னாடி, பெரியவங்க பின்னாடி. அவ்வளவு பழக்கம்!

கிளம்பும்போது வார்டன் அக்காகிட்ட பேசினப்போதான் விஷயம் புரிஞ்சது. அன்னிக்கு நாங்க மூணாவது க்ரூப். காலையில ஒரு ஐ.டி. கம்பெனி டீம், பதினோரு மணிக்கு ஒரு அறுபதாம் கல்யாணக் குடும்பம், அடுத்து நாங்க. சாயங்காலம் இன்னொரு கேக் வர வேண்டியிருந்தது. ‘ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு வயிறு வலிக்குது மேடம். புதன்கிழமை யாராச்சும் வந்து கணக்கு சொல்லிக்கொடுத்தா நல்லா இருக்கும்’னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எங்க முகத்துல சிரிப்பே வரலை.

இதை படிக்கிற உங்கள்ல பலருக்கும் இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை இருந்திருக்கும். நல்ல மனசோடதான் போயிருப்பீங்க, அதுல சந்தேகமே இல்லை. ஆனா, அந்த நல்ல மனசு யாருக்கு, எந்த நாள்ல, எந்த வடிவத்துல போய்ச் சேருதுங்கிறதுதான் இங்கே கேள்வி.

முதல்ல ஒரு போன் போடுங்க

இல்லத்தோட ஆபீஸ்ல ஒரு டைரி இருக்கும். ஜனவரி 1, பொங்கல், தீபாவளி எல்லாம் பல மாசத்துக்கு முன்னாடியே புக் ஆகியிருக்கும். அதே டைரியில ஜூன் மாசப் பக்கத்தைப் பாருங்க, காலியா கிடக்கும். ஸ்கூல் திறக்கிற மாசம் அதுதான். ஷூ, பேக், நோட்டு, ஜாமென்ட்ரி பாக்ஸ்னு செலவு கழுத்தை நெரிக்கிற மாசமும் அதுதான்.

அதனால, ‘நாங்க வர்றோம், என்ன கொண்டு வரட்டும்?’னு கேட்காதீங்க. ‘இந்த மாசம் உங்களுக்கு எது இல்லாம கஷ்டமா இருக்கு?’ன்னு கேளுங்க. நான் கேட்டப்போ கிடைச்ச பதில்கள் இது: சானிட்டரி நாப்கின், அளவு பார்த்து வாங்கின புது உள்ளாடை, செருப்பு, ரெண்டு பசங்களுக்குக் கண்ணாடி, கேஸ் சிலிண்டர், ரிப்பேரான கிரைண்டர், கரன்ட் பில். இதுல எதை வாங்கிக் கொடுத்தாலும் ஸ்டேட்டஸ் வைக்கிற அளவுக்கு ஒரு போட்டோ தேறாது. அதனாலதான் இதெல்லாம் எப்பவும் பாக்கியாவே இருக்கு.

பழைய துணி பத்தி ஒரு வார்த்தை. பட்டன் போன சட்டை, ஜிப் போன பேன்ட்டை மூட்டை கட்டி இல்லத்து வாசல்ல இறக்கிட்டு வர்றது உதவி இல்லை, அது வீடு காலி பண்றது. பயன்படுத்தின துணியை முறையா பிரிச்சு, சரிசெஞ்சு, தேவையான ஊர்களுக்கு அனுப்புறதுக்குன்னே 1999-ல ஆரம்பிச்ச ‘கூஞ்ச்’ மாதிரி அமைப்புகள் இருக்கு. துவைச்சு, மடிச்சு, அங்கே கொடுங்க.

இல்லத்தைப் பத்தி தெரிஞ்சுக்கோங்க

‘அநாதை ஆசிரமம்’ங்கிற வார்த்தையை முதல்ல வாசல்லயே கழட்டி வெச்சிடுங்க. இல்லங்கள்ல இருக்கிற குழந்தைகள் பலருக்கு அம்மாவோ, அப்பாவோ, பாட்டியோ இருக்காங்க. வறுமை, நோய், குடும்பச் சண்டை, வேலைக்காக இடம் மாறுறதுன்னு காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ‘உங்க அம்மா எங்கடா?’ன்னு பாசமா கேட்கிற கேள்வி, அந்தக் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்காம இருக்கக் காரணமாகலாம். அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க, தோண்டாதீங்க.

2015-ல வந்த இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகளைத் தங்கவெச்சுப் பராமரிக்கிற எந்த இல்லமும் பதிவு செஞ்சிருக்கணும். பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமான்னு கேட்கிறதுல தப்பே இல்லை. நல்லா நடத்துறவங்க முகம் சுளிக்க மாட்டாங்க. சந்தேகம் இருந்தா, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விசாரிக்கலாம். பணம் கொடுக்கிறதா இருந்தா வங்கி மூலமா கொடுத்து ரசீது வாங்குங்க. 80ஜி வரிச்சலுகையை நம்பிக் கொடுக்கிறவங்க கவனிங்க: 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா சலுகை கிடையாது. சிக்னல்ல உண்டியல் குலுக்குறவங்ககிட்ட இதுல எதையுமே சரிபார்க்க முடியாது, அதனால நான் அங்கே போடுறதில்லை.

அப்புறம் போட்டோ. அதே சட்டத்தோட 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தையோட பேர், படம், ஸ்கூல்னு அடையாளம் தெரியுற எதையும் வெளியிடுறதைத் தடை பண்ணுது. மீறினா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 2 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டுமே. சட்டத்தை விடுங்க. பத்து வயசுல நீங்க கைநீட்டி டிபன் பாக்ஸ் வாங்குற படம், காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல உங்க க்ளாஸ்மேட் போன்ல வந்தா எப்படி இருக்கும்? அந்த ரீல்ஸை அழிச்சிடுங்க, ப்ளீஸ்.

பென்சில்ல எழுதின பேரு

அந்த பர்த்டே குற்ற உணர்ச்சியில நான் ஒரு காரியம் பண்ணினேன். வீக்எண்ட்ல பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற ஒரு வாலன்டியர் குழுவுல சேர்ந்தேன். அஞ்சு வாரம் ஒழுங்கா போனேன். ஆறாவது வாரம் ஷிஃப்ட் மாறிச்சு, ஏழாவது வாரம் ஊர்ல கல்யாணம், எட்டாவது வாரம்... சும்மாவே போகலை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. மூணு மாசம் கழிச்சு வெட்கத்தோட திரும்பப் போனப்போ, வருகைப் பதிவு நோட்டைப் பார்த்தேன். மத்தவங்க பேரெல்லாம் பேனாவுல இருந்துச்சு, என் பேரு மட்டும் பென்சில்ல. ஏன்னு கேட்டேன். ‘முதல் ரெண்டு மாசம் எல்லாருக்கும் பென்சில்தான்ங்க. நிறைய பேர் நின்னுடுவாங்க, அழிக்க வசதியா இருக்கும்’னு ஒருங்கிணைப்பாளர் சாதாரணமா சொன்னார்.

நோட்டுல அழிச்சிடலாம். ஏற்கெனவே பெரியவங்க விட்டுட்டுப் போனதைப் பார்த்த குழந்தைக்கு, ‘அடுத்த வாரம் வர்றேன்’னு சொன்ன அக்காவும் வராம போறது இன்னொரு தடவை அதே அனுபவம்தான். அதனால உங்களால எவ்வளவு முடியுமோ அதை மட்டும் சொல்லுங்க. மாசத்துல ஒரு சனிக்கிழமைதான் முடியுமா? அந்த ஒரு சனிக்கிழமையை ஒரு வருஷத்துக்குக் காப்பாத்துங்க. நிறுத்தப் போறீங்கன்னா நேர்ல போய் பசங்ககிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க.

தொடர்ந்து நேரம் கொடுக்க முடியும்னு தோணுறவங்களுக்கு சென்னையில இடத்துக்குப் பஞ்சமில்லை. 2006-ல சென்னையில சில இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச ‘பூமி’, இல்லங்கள்ல இருக்கிற குழந்தைகளுக்கு வீக்எண்ட் வகுப்புகள் நடத்துறதுல பேர் வாங்கின அமைப்பு. அதே 2006-ல கொச்சியில தொடங்கின ‘மேக் எ டிஃபரன்ஸ்’ பல நகரங்கள்ல இல்லக் குழந்தைகளோட வேலை பண்ணுது. வேலையையே இதுவா மாத்திக்க நினைக்கிறவங்களுக்கு ‘டீச் ஃபார் இந்தியா’வோட ரெண்டு வருஷ முழுநேர ஃபெலோஷிப் இருக்கு. அதுல மாசாமாசம் ஊதியமும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் அடையாள அட்டை கேட்பாங்க, பின்னணி விசாரிப்பாங்க, ஒரு குழந்தையோட தனியா ரூம்ல இருக்கக் கூடாதுன்னு விதி சொல்வாங்க. ‘என்னையே சந்தேகப்படுறாங்களா?’ன்னு கோபப்படாதீங்க. இதெல்லாம் கேட்காத இடத்துக்குத்தான் யோசிச்சுப் போகணும்.

ஒருவேளை ஏதாவது ஒரு குழந்தை உங்ககிட்ட தனக்கு நடந்த பாலியல் அத்துமீறலைப் பத்தி சொன்னா, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு விட முடியாது. 2012-ல வந்த போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க புகார் கொடுத்தே ஆகணும். 1098-ங்கிற எண்ணை இப்பவே போன்ல சேமிச்சு வெச்சுக்கோங்க. 1996-ல மும்பையில தொடங்கின இந்த இலவச உதவி எண் 24 மணி நேரமும் இயங்குது. தெருவுல தனியா நிக்குற குழந்தையைப் பார்த்தாலும் இதே நம்பர்தான்.

எங்கேயும் போக நேரமில்லையா? உங்க தெருவையே பாருங்க. கொரோனாவுல ஸ்கூல் மூடிக் கிடந்ததுக்கு அப்புறம், 2021 அக்டோபர்ல தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யை ஆரம்பிச்சப்போ, சாயங்காலமா பாடம் எடுத்தவங்க பெரும்பாலும் அதே தெருவுல, பக்கத்துத் தெருவுல இருந்த பெண்கள்தான். மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணை, கோயில் மண்டபம், மொட்டை மாடின்னு எங்கே இடம் கிடைச்சாலும் க்ளாஸ் நடந்துச்சு. உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனோட பையன் எந்தக் க்ளாஸ் படிக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா?

ஒரே ஒரு நாள்தான் இருக்கா?

ஒருநாள் நிகழ்ச்சி எல்லாமே வேஸ்ட்னு நான் சொல்ல வரலை. சரியா திட்டமிட்ட ஒருநாள், குழந்தைகளுக்குப் பல மாசத்துக்குப் பேச விஷயம் கொடுக்கும். பூமி நடத்துற ‘நட்சத்ரா’ திறமைத் திருவிழாவுல வெவ்வேறு இல்லத்துக் குழந்தைகள் மேடையேறிப் போட்டி போடுறாங்க. அங்கே அவங்க போட்டியாளர்கள், கைதட்டுறதுதான் நம்ம வேலை. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு தினத்தையொட்டி, ‘பிரதம் புக்ஸ்’ ஒரே கதையைப் பல மொழிகள்ல கொடுத்து, நாடு முழுக்க யார் வேணும்னாலும் குழந்தைகளுக்கு வாசிச்சுக்காட்டுற நிகழ்ச்சியை நடத்துறாங்க. அவங்களோட ‘ஸ்டோரிவீவர்’ தளத்துல தமிழ்க் கதைகள் இலவசமாவே கிடைக்குது. உங்ககிட்ட நல்ல குரலும் அரைமணி நேரமும் இருந்தா போதும். அக்டோபர் 2-ல இருந்து 8 வரைக்கும் ‘தான் உத்சவ்’ வாரம், 2009-ல இருந்து நடக்குது. ஆபீஸ்ல எச்.ஆர். ஏதாவது ஏற்பாடு பண்ணினா, ‘ஜூன் மாச நோட்டுப் புத்தகத்துக்கு இப்பவே கொடுத்துடலாமா?’ன்னு ஒரு மெயில் தட்டிவிடுங்க.

நேரமும் இல்லை, பணமும் இல்லைன்னா, இருக்கவே இருக்கு ரத்தம். கேன்சருக்கு கீமோதெரபி எடுக்கிற குழந்தைகளுக்கு ரத்தத்துல தட்டணுக்கள் குறைஞ்சிடும், அதனால ரத்தக்கசிவு வரலாம். தானமா வாங்கின தட்டணுக்களை அஞ்சு நாளைக்குத்தான் வெச்சிருக்க முடியும். அதுவும் அறை வெப்பநிலையில, ஆட்டிக்கிட்டே இருக்கிற மெஷின்ல. ஃப்ரிட்ஜ்ல சேர்த்துவைக்கிற கதையே இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பாதி சென்னை ஊருக்குப் போயிடும், காலேஜ் லீவு விட்டா ரத்ததான முகாம்களும் குறைஞ்சிடும். ட்ரீட்மென்ட்டுக்கு லீவு கிடையாதே! 1954-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை மாதிரி இடங்களோட ரத்த வங்கிகள்ல விசாரிச்சு, பேரைக் கொடுத்து வைங்க. 18 வயசு ஆகியிருக்கணும், தட்டணுக்கள் தர்றதுன்னா எடை 50 கிலோவாவது இருக்கணும். மெஷின்ல ஒரு மணி நேரத்துக்கு மேல உட்காரணும். ஒரு பாதி சினிமா பார்த்து முடிக்கலாம்.

18 வயசு முடிஞ்ச மறுநாள்

குட்டிக் குழந்தைகள்னா எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவாங்க. மீசை முளைச்ச பையனுக்கு யாரும் கேக் கொண்டு போறதில்லை. 18 வயசு ஆனதும் இல்லத்தைவிட்டு வெளியே வரணும்ங்கிறது பொதுவான விதி. அதுக்கப்புறமும் உதவி செய்யலாம்னு இளைஞர் நீதிச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா, காகிதத்துல இருக்கிற உதவிக்கும் கோடம்பாக்கத்துல ஒரு ரூம் கிடைக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு சென்னையில பேச்சுலரா ரூம் தேடின நமக்குத் தெரியும். நமக்காவது அட்வான்ஸ் கொடுக்க ஊர்ல அப்பா இருந்தார். இன்டர்வியூவுக்கு முன்னாடி அயர்ன் பண்ணிக் கொடுக்க அம்மா இருந்தாங்க.

பேங்க் அக்கவுன்ட் திறக்கிறது, ரெஸ்யூம் எழுதுறது, சம்பளச் சீட்டுல பி.எஃப்-னா என்னன்னு புரிஞ்சுக்கிறது, ஹவுஸ் ஓனர்கிட்ட பேசுறது... இதெல்லாம் இருபதுகள்ல இருக்கிற நமக்கு இப்போதான் தெரிஞ்ச விஷயங்கள். ஐம்பது வயசு நன்கொடையாளரைவிட நாம இதை நல்லா சொல்லித் தருவோம். வகுப்பெடுக்கிற அமைப்புகள்கிட்ட, ‘இந்த வருஷம் இல்லத்தைவிட்டு வெளியே வர்ற பசங்களுக்கு மென்டார் தேவைப்படுதா?’ன்னு கேட்டுப் பாருங்க.

நான் பாடம் எடுத்த பசங்கள்ல ஒருத்தன் போன மாசம் போன் பண்ணினான். வேளச்சேரியில ரூம் பார்த்திருக்கானாம், ஹவுஸ் ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறாராம். ‘அஞ்சு மாசத்துக்குப் பேசலாமாக்கா? நீங்க கூட வந்தா நல்லா இருக்கும்’னான். இந்த ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அங்கேதான் போறேன்.