பேர் சொல்லி நினைத்தல்: மறைந்த பெண்களும் நமது கிதாபுகளும்

மத்ரஸாவில் ஸர்ஃபு படித்த எவருக்கும் ‘ஃபஅல’ என்ற சொல்லைத் தெரியும். அது ஒரு அச்சு. அறபுச் சொற்களை எல்லாம் அதிலே வைத்துத்தான் அளந்து பார்ப்போம். ஹிஜ்ரி 352இல் (கி.பி. 963) ஹலபின் ஆட்சியாளர் ஸைஃபுத் தவ்லாவின் சகோதரி மௌத்தாகிறார். ஈராக்கில் இருந்த கவிஞர் முதனப்பி அவருக்கு ஓர் இரங்கற்பா எழுதுகிறார். ஓரிடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் வந்தே ஆகவேண்டும். அவர் பெயர் கவ்லா. முதனப்பி ‘கவ்லா’ என்று எழுதவில்லை. அதே ஓசை அளவுள்ள ‘ஃபஃலா’ என்ற இலக்கண அச்சை அந்த இடத்தில் போட்டுவிடுகிறார். பெயர் சொல்லி இரங்குவது அவருடைய மதிப்புக்குக் குறைவு என்ற கருத்தையும் அதே பாட்டில் வைக்கிறார். பின்னால் வந்த உரைகாரர்கள் அது கவ்லா என்று விளக்கி எழுதி வைத்தார்கள்.

இதை நான் முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயமில்லை. அறபுக் கவிதையின் உச்சத்தில் இருந்தவர், ஓர் அரச குடும்பத்துப் பெண்ணை மெய்யாகவே மதித்தவர், அந்த மதிப்பைக் காட்டப் பெயரை அழிக்க வேண்டியிருந்தது. நமது ஊர்களில் இதே பழக்கம் இன்னும் நடக்கிறது. அதை நாம் மார்க்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது மார்க்கத்தில் இருந்து வந்ததா, வழக்கத்தில் இருந்து வந்ததா என்பதைக் கிதாபுகளை வைத்தே பார்க்கலாம்.

11ஆம் நூற்றாண்டில் கைரவானைச் சேர்ந்த இப்னு ரஷீக் ‘அல்உம்தா’ என்ற கவிதையியல் நூலை எழுதினார். ஒரு கவிஞருக்கு ஆகக் கஷ்டமான இரங்கற்பா, குழந்தைக்கோ பெண்ணுக்கோ பாடுவதுதான் என்கிறார் அவர். காரணம், அவர்களைப் பற்றிச் சொல்வதற்குள்ள இடம் குறுகியது, சொல்லத்தக்க பண்புகள் குறைவு என்பது. யுத்தம், கொடை, கோத்திரத் தலைமை என்று ஆண்களுக்கு வகுத்து வைத்த பட்டியல் ஒன்று இருந்தது. பெண்ணுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கவில்லை. அதனால் குறை பட்டியலில் இருந்தது, பெண்ணில் இருக்கவில்லை.

அந்தக் குறுகிய இடத்துக்குள் முதலில் துணிந்து நுழைந்தவர்களில் ஒருவர் உமையாக்கள் காலத்துக் கவிஞர் ஜரீர். அவருடைய மனைவி காலிதா, உம்மு ஹஸ்ரா என்று அழைக்கப்பட்டவர். அவர் மௌத்தானபோது ஜரீர் பாடிய கஸீதா, வெட்கம் என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அழுகையையும் கபுறு ஸியாரத்தையும் வெட்கம் தடுக்கிறது என்பதே அதன் முதற் கருத்து. ஓர் ஆண் தன் மனைவிக்காகப் பகிரங்கமாக அழுவதா என்று ஊர் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பயந்தபடியே, அவருடைய பரம எதிரியான கவிஞர் ஃபரஸ்தக் இதை வைத்தே அவரைக் கேலி செய்து பாடினார். ஆனால் இலக்கிய வரலாற்றுக் கிதாபுகள் இதன் பின்கதையையும் சொல்லுகின்றன. ஃபரஸ்தக்கின் மனைவியாக இருந்து தலாக்கான நவார் மௌத்தானபோது, அவரது மையித்து வீட்டில் பெண்கள் சொல்லி அழுதது ஜரீரின் அந்தப் பாட்டைத்தானாம். கேலி செய்தவரின் வீட்டுத் துக்கத்துக்கே வேறு பாட்டு இருக்கவில்லை.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? “ஹயா ஈமானில் உள்ளதுதானே” என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஹயாவில் எவரையும் மிகைத்தவர்கள் றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள். அவர்கள் தங்கள் மறைந்த மனைவியை எப்படி நினைத்தார்கள் என்று ஹதீஸும் ஸீறாவும் நமக்குச் சொல்லுகின்றன. ஜரீர் பாடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நடந்தவை அவை.

கதீஜா நாயகி (ரழி) அவர்கள் ஹிஜ்ரத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மௌத்தானார்கள். மக்காவில் ஹஜூனில் அடக்கப்பட்டார்கள். அபூதாலிபும் போன அந்த ஆண்டை ‘ஆமுல் ஹுஸ்ன்’, துக்க ஆண்டு, என்று நமது சரித்திரம் அழைக்கிறது. ஓர் ஆண்டுக்கே துக்கத்தின் பேரை வைத்த சரித்திரம் இது. ஆனால் என்னை நெகிழ வைப்பது அதற்குப் பின்னால் வரும் சின்னச் சின்னச் செய்திகள்தான். மதீனாவில் ஓர் ஆடு அறுத்தால், அதில் கதீஜாவின் சிநேகிதிகளுக்கு என்று பங்கு பிரித்து அனுப்புவார்கள். ஒரு பெண் மறைந்து ஆண்டுகள் போன பின்பும் அவருடைய கூட்டாளிமார் யார் யார், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஞாபகம் வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

ஹிஜ்ரி 2இல் பத்ர் யுத்தம். கைதிகளுள் றஸூலுல்லாஹ்வின் மருமகன் அபுல்ஆஸும் ஒருவர். அவரை மீட்பதற்காக மகள் ஸைனப் (ரழி) மக்காவிலிருந்து அனுப்பிய பொருளில் ஒரு கழுத்துமாலை இருந்தது. ஸைனபின் கலியாணத்தில் உம்மா கதீஜா அணிவித்துவிட்ட மாலை அது. அதைக் கண்டதும் நபியவர்களின் மனம் மிகவும் இளகிப்போனது. கைதியை விடுவித்து, மாலையையும் திருப்பிக் கொடுப்பது உங்களுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று தோழர்களிடம் கேட்டார்கள். உத்தரவு போடவில்லை, கேட்டார்கள். தோழர்கள் சம்மதித்தார்கள். போருக்குப் பின்னான கணக்கு வழக்குகளுக்கு நடுவில், இறந்துபோன ஒரு பெண்ணின் நகை வந்து நிற்கிறது.

மூன்றாவது செய்தி இன்னும் நுட்பமானது. கதீஜாவின் சகோதரி ஹாலா ஒரு நாள் வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்கிறார். அந்தக் குரல், கேட்ட விதம், கதீஜா அனுமதி கேட்பது போலவே இருந்தது. அதைக் கேட்டதும் நபியவர்களுக்கு என்ன ஆனது? புகாரியின் அறிவிப்பில் ‘இர்தாஅ’ என்று வருகிறது, திடுக்குற்றார்கள் என்று பொருள். முஸ்லிமின் அறிவிப்பில் ‘இர்தாஹ’ என்று வருகிறது, மனம் குளிர்ந்தார்கள் என்று பொருள். கடைசி எழுத்துத்தான் வித்தியாசம், ஒன்றில் ஐன், மற்றதில் ஹா. மறைந்தவரின் குரலை வேறொருவரின் வாயில் கேட்ட எவருக்கும் இந்த இரண்டும் ஒன்றாகவே வரும். முஹத்திஸ்கள் ஒன்றை வைத்து மற்றதை அழிக்காமல் இரண்டையும் நமக்கு விட்டுப் போனது பெரிய காரியம்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த மூன்று செய்திகளையும் அறிவிப்பவர் ஆயிஷா நாயகி (ரழி). கதீஜாவை அவர்கள் கண்டதில்லை. ஆனாலும் வேறு எந்த மனைவி மீதும் அவர் மீது கொண்டது போல ரோசம் கொண்டதில்லை என்று அவர்களே ஒளிக்காமல் சொல்லுகிறார்கள். அந்த ரோசத்துக்குக் காரணமான ஞாபகத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அவர்கள்தான்.

தம் தாயார் ஆமினாவின் கபுறை ஸியாரத் செய்தபோது நபியவர்கள் அழுதார்கள், சுற்றி நின்றவர்களையும் அழவைத்தார்கள் என்று முஸ்லிமில் இருக்கிறது. மக்களில் உங்களுக்கு மிகப் பிரியமானவர் யார் என்று அம்ரு இப்னுல்ஆஸ் கேட்டபோது ‘ஆயிஷா’ என்று பெயரைச் சொன்னார்கள். ஜரீர் எந்த இரண்டுக்கு வெட்கப்பட்டாரோ, கபுறடியில் நின்று அழுவதற்கும் பிரியத்தைப் பகிரங்கமாகச் சொல்வதற்கும், அந்த இரண்டும் ஏற்கெனவே நடந்தவை. ஒப்பாரி வைத்து நெஞ்சில் அடித்துக்கொள்ளும் நியாஹாவைத்தான் மார்க்கம் தடுத்தது. கண்ணீரையும் ஞாபகத்தையும் தடுக்கவில்லை.

பிற்காலத்திலும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. மறைந்தவரோ பிரிந்தவரோ இரவில் தோற்றமாக வந்து போவதை அறபுக் கவிஞர்கள் ‘தைஃபுல் கயால்’ என்பார்கள். அதற்கென்றே அஷ்ஷரீஃப் அல்முர்தளா (மௌத்து 1044) ஒரு தனி நூல் எழுதினார். நமது ஊர்களில் “உம்மா கனவுல வந்தாங்க” என்று சொல்லுகிறோமே, அதற்குக் கிதாபு வடிவம் கொடுத்தது போன்றது அது. ஏறக்குறைய அதே காலத்தில் அந்தலுஸின் ஃபகீஹ் இப்னு ஹஸ்ம், ‘தவ்குல் ஹமாமா’வில் நுஃம் என்ற பெண்ணைப் பற்றி எழுதினார். அவர் இருபது வயதை எட்டுமுன் இழந்த பெண் அவள். ஏழு மாதம் உடுத்த உடுப்பைக் களையவில்லை என்கிறார். மற்றவர்களின் பெயர்களைப் பல இடங்களில் மறைத்தவர், இவளின் பெயரை மறைக்கவில்லை. அந்நூலின் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான், ஹிஜ்ரி 738இல் எழுதப்பட்டது, ஹொலாந்தின் லெய்டனில் தப்பிக் கிடந்தது. அது போயிருந்தால் நுஃமும் போயிருப்பாள். பயணநூலால் புகழ்பெற்ற இப்னு ஜுபைர், தம் மனைவி உம்முல் மஜ்த் ஆதிகா மௌத்தானபோது அவருக்காக இரங்கற்பாக்களைத் தனித் தொகுப்பாகவே எழுதினார் என்று சரித்திரக்காரர்கள் குறித்திருக்கிறார்கள்.

இனி எங்கட பக்கத்துக்கு வருகிறேன். கிழக்கிலே குடி என்பது தாய்வழியாக வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது. ஒருவரின் குடி எது என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்லுவார். ஆனால் என் அலுமாரியில் இருக்கும் ஊர் வரலாற்று நூல்களைப் புரட்டினால் மரைக்கார்மார், விதானைமார், லெப்பைமார், அதிபர்மார் என்று வரிசையாகப் பேர் வருகிறது. அந்தக் குடியைச் சுமந்து வந்த பெண்கள் ‘இன்னாரின் தாயார்’ என்ற அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்துச் செய்தி சொன்னாலும் பல ஊர்களில் அப்படித்தான், ‘இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா’. மையவாடியில் பெண்ணின் கபுறுக்கு மூன்று மீஸான், ஆணுக்கு இரண்டு. பெண் என்பது தெரியும், எந்தப் பெண் என்பது தெரியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது பலரைக் கூட்டாக அடக்க வேண்டி வந்தது. அங்கே அந்த மூன்று மீஸானும் இல்லை.

எங்கள் மூத்தம்மாவிடம் ஒருமுறை அவருடைய உம்மம்மாவின் பேரைக் கேட்டேன். “பேரா மனே? கடக்கார ஊட்டு உம்மம்மா எண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க” என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “காணி உறுதியில இருக்கும், பாரு” என்றார். பார்த்தேன். பேரும் இருந்தது, பக்கத்தில் பெருவிரல் அடையாளமும் இருந்தது. மூத்தம்மா அந்தப் பேரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்று இரவு யாசீன் ஓதி அந்தப் பேரைச் சொல்லி துஆச் செய்தார்.

வரலாறு எழுதுவோருக்கு நான் சொல்ல வருவது இதுதான். பேர்கள் இல்லாமல் போகவில்லை, நாம் தேடாத இடத்தில் கிடக்கின்றன. சீதன உறுதி, கடுத்தம், பிறப்பு இறப்புப் பதிவு, பாடசாலை இடாப்பு, வக்ஃபுப் பத்திரம் எல்லாவற்றிலும் பெண்களின் பேர் இருக்கிறது. அவற்றோடு எண்பது வயதைத் தாண்டிய உம்மாமாரின் ஞாபகம் இருக்கிறது. உறுதிகளைக் கறையான் தின்னுகிறது, ஞாபகக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஊர் வரலாற்று நூலை அச்சுக்குக் கொடுக்குமுன், குடிமரம் வரைந்த பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘தாயார்’ என்று மட்டும் எழுதிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பேரைத் தேடி எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், தேடுகிறவர் யாராவது பின்னால் வருவார். ‘ஃபஃலா’ போட்டு நிரப்ப வேண்டாம்.