படுவான்கரையும் தாதியர் கல்வியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறம் எழுவான்கரை. மேற்குப் புறம் படுவான்கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்தால், படுவான்கரையின் தலைவாயிலான வவுணதீவு வரும். வயலையும் வாவியையும் நம்பி வாழும் இவ்வூரார், கடும்பிணி வந்தால் நகரத்துப் பெரியாஸ்பத்திரியையே நாடுவர். அங்கே இரவெல்லாம் விழித்திருப்பவர் தாதி. அவர் ஏவலைச் செய்பவர் மட்டுந்தானா, தாமே தேர்ந்து முடிவு செய்பவரா? தாதியர் வரலாற்றின் நடுநாயகமான வினா இதுவே.

1860இல் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் பயிற்சிப் பள்ளி தோன்றியது. தாதியரைத் தாதியரே நடத்தவேண்டும் என்பது அவர் கொள்கை. 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடர் தாதியர் பள்ளி அமைத்தார். 1946இல் அங்கே பட்டப்படிப்புத் தொடங்கிற்று. இலங்கையில் நெடுங்காலம் பயிற்சிப் பள்ளிகளோடு நின்ற தாதியர் கல்வி, 1994இல் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டநெறியாக வளர்ந்தது. 2005இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் உருவாக, அக்கல்வி வாவிக்கரைக்கே வந்து சேர்ந்தது.

ஆயினும், பட்டம் மட்டும் தலைமையைத் தந்துவிடாது. நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் காண்பவர் தாதி. கண்டதைக் காரணத்தோடு எடுத்துரைக்கும் பயிற்சி அவருக்கு வேண்டும். அவ்வுரைக்குச் செவிசாய்க்கும் வைத்தியசாலையும் வேண்டும். இவ்விரண்டும் பொருந்திய இடத்திலே, பாலம் கடந்து வந்த நோயாளி பிழைத்து ஊர் திரும்புகிறார்.