கேள்வி புருவத்துல இருக்கு மக்களே

நாகர்கோவில்ல பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல பாளையங்கோட்டை. 19-ஆம் நூற்றாண்டு முடியுறதுக்கு முன்னாலேயே அங்க ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா அப்போ உலகத்துல அடிச்ச காத்து வேற. 1880-இல் மிலான் மாநாட்டுல கூடினவங்க, பெரும்பாலும் காது கேக்குற வாத்தியார்கள், வாய்ப்பேச்சுதான் உசத்தி, சைகை வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. இந்திய சைகை மொழியை மொழியியல்காரங்க முறையா ஆராய ஆரம்பிச்சது 1970-களில்தான்!

அப்புறம் நம்ம பொட்டி தட்டுற கூட்டம் உள்ள வந்துச்சு. 2000 வாக்கில் பிரிட்டன் தபால் நிலையங்களுக்காக 'டெஸ்ஸா'ன்னு ஒரு அனிமேஷன் பொம்மை செஞ்சாங்க. கவுண்டர்ல குமாஸ்தா பேசினா திரையில அது சைகை காட்டும். நிஜ ஆளோட அசைவைப் பதிவு பண்ணி வெச்ச வாக்கியங்கள் மட்டும்தான், அதைத் தாண்டி ஒண்ணும் சொல்லத் தெரியாது. இதுக்கு மருந்து ஏற்கனவே ஹாம்பர்க் பல்கலைக்கழகத்துல இருந்துச்சு. 1980-களில் உருவான ஹாம்நோசிஸ் குறியீடு. கையோட வடிவம், எந்தப் பக்கம் பாக்குது, உடம்புல எந்த இடம், எப்படி நகருது, எல்லாத்தையும் எழுதிடலாம். எழுதிக் குடுத்தா பொம்மை ஆடும். 2007-இல் கான்பூர் ஐஐடிகாரங்க 'இன்கிட்'னு ஒண்ணு பண்ணாங்க. ரயில்வே முன்பதிவு கவுண்டர்ல பேசுற இந்தி வாக்கியத்தை இந்திய சைகை மொழிக்கு மாத்துற முயற்சி.

சிக்கல் எங்கன்னா, மூஞ்சியில. இந்திய சைகை மொழியில 'என்ன', 'எங்கே' எல்லாம் வாக்கியக் கடைசியில வரும், 'உன் பேர் என்ன' மாதிரியே. ஆனா 'டிக்கெட் இருக்கு', 'டிக்கெட் இருக்கா' ரெண்டுக்கும் கை அசைவு ஒண்ணுதான். நாம போடுற அந்த 'ஆ' அங்க புருவத்துல இருக்கு. புருவம் ஏறி, தலை லேசா முன்னால வந்தா கேள்வி. பொம்மை உம்முன்னு நின்னா கேள்வி போய் சேதி ஆயிடும். டிக்கெட்டுன்னா பரவால்ல. ஆஸ்பத்திரியில 'இந்த மருந்து ஒத்துக்குமா'ன்னு கேக்குறப்போ?

உலக காது கேளாதோர் கூட்டமைப்பு 2018-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: முன்கூட்டியே தயாரிச்ச, மாறாத அறிவிப்புக்குப் பொம்மை சரி, நேர்ப்பேச்சுக்கு மனுஷ மொழிபெயர்ப்பாளர்தான் வேணும். இந்தத் தடவை காது கேளாதவங்களே பேசினாங்க, அது எனக்குப் பெரிய விஷயமா படுது.

கத்துக்கிறவங்களுக்குப் பொம்மையால லாபம் உண்டு. முதுகுப் பக்கமா திருப்பிப் பாக்கலாம், இடது வலது குழப்பம் வராது. வேகத்தையும் இஷ்டத்துக்குக் குறைச்சுக்கலாம். ஆனா கூடவே டெல்லி இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையத்தோட அகராதி வீடியோக்களையும் பாருங்க. 2018-இல் 3,000 சொல், 2021-இல் 10,000. அதுல கை காட்டுறது நிஜ மனுஷங்க, புருவத்தோட.