சட்டவிரோதக் கைதும் சோதனையும்

சட்டவிரோதக் கைதும் சோதனையும் என்பது பிடியாணையோ சோதனை ஆணையோ இல்லாமலும், ஆணையின்றிச் செயல்படச் சட்டம் விதித்த நிபந்தனைகளை மீறியும் ஒருவரைப் பிடித்துவைத்தல் அல்லது அவரது வீட்டைச் சோதனையிடுதல் ஆகும்.

வகைகள்: காரணம் கூறாமல் கைது செய்தல், 'விசாரணை' என்று அழைத்துச் சென்று, கைதைப் பதிவேட்டில் காட்டாமல் நிலையத்தில் வைத்திருத்தல், காரணத்தை எழுத்தில் பதியாமலும் சாட்சிகளின்றியும் சோதனையிடுதல்.

சட்டநிலை: இந்திய அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு, கைதின் காரணத்தை அறியவும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் உரிமை அளிக்கிறது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தக் கட்டளையிடுகிறது. டி.கே. பாசு வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல் உள்ளிட்ட 11 நெறிமுறைகளை வகுத்தது. 1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்யக் கோருகிறது. முறைகேடான சோதனையில் கிடைத்த சான்று தானாகவே செல்லாததாகிவிடாது (பூரன்மல் வழக்கு, 1974).

கடலூர் மாவட்ட நிகழ்வுகள்: 1992இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் திருட்டுச் சந்தேகத்தில் அடைக்கப்பட்டவர் உயிரிழந்தார், அவர் மனைவி அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளி காவலில் இறந்தார். இந்தத் தொழிலாளிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய ஆட்கொணர்வு வழக்கு (பிடித்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோருவது) உண்மையை வெளிக்கொணர்ந்தது, காவலர்கள் தண்டிக்கப்பட்டனர்.

முக்கியத்துவம்: பதிவில்லாக் காவல், காவல் மரணங்களுக்கு வழிவிடக்கூடும். உறுப்பு 226இன்கீழ் உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆட்கொணர்வு மனுவே இதற்கான முதன்மைத் தீர்வு. உறவினரோ நண்பரோ அதைத் தாக்கல் செய்யலாம்.