புழல் ஏரியின் பறக்கும் படகுகள்

"எம்டன்" என்ற சொல்லுக்கு வட சென்னையில் அகராதி தேவையில்லை. பலே கில்லாடியான ஆளைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மெட்ராஸ் துறைமுகத்தை நெருங்கி, அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டுப் போய்விட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே பயந்து ஓடியது. அந்த அரை மணி நேரம் தமிழுக்கு ஒரு புதுச் சொல்லையே கொடுத்துவிட்டது.

ஆனால் அதே கடலை இரண்டாம் உலகப்போரில் ஏறத்தாழ மூன்றரை வருடங்கள் இரவும் பகலுமாகக் காவல் காத்த ஒரு விமானப் படைப்பிரிவு இருந்தது. அது குடியிருந்த இடம் புழல் ஏரி! இது இன்று வட சென்னையிலேயே பலருக்குத் தெரியாது. புழல் என்றால் சிறைச்சாலை நினைவுக்கு வரும், செங்குன்றம் என்றால் அரிசி ஆலைகள் நினைவுக்கு வரும். விமானம் யாருக்கும் நினைவுக்கு வராது.

அந்தப் படைப்பிரிவின் பெயர் பிரிட்டிஷ் ராயல் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன். முதல் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1918 ஆகஸ்டில், இங்கிலாந்தின் கால்ஷாட் என்ற கடலோர ஊரில் தொடங்கப்பட்டது. போர் முடிந்ததும் 1919-இல் கலைத்துவிட்டார்கள். 1937-இல் மறுபடியும் தொடங்கினார்கள். 1941-இல் அதற்கு அமெரிக்கத் தயாரிப்பான கேடலினா விமானங்கள் கிடைத்தன. அதே வருடம் மே 26 அன்று, பிரிட்டிஷ் கடற்படையே தேடிக்கொண்டிருந்த ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலை 209-ஆம் ஸ்குவாட்ரனின் ஒரு கேடலினா கண்டுபிடித்தது. பிறகு 240-இன் கேடலினா ஒன்றும் அதைப் பின்தொடர்ந்தது. அட்லாண்டிக்கில் இப்படிப் பெயர் வாங்கிய ஸ்குவாட்ரன் செங்குன்றத்துக்கு ஏன் வந்தது?

அதற்கு 1942 ஏப்ரல் மாதத்தைப் பார்க்க வேண்டும். மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. அதற்கு முன்பே அங்கிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். மார்ச் 23-இல் அந்தமான் தீவுகள் ஜப்பான் வசமாயின. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. வங்கக் கடலில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன.

அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே இருந்த மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பயத்துக்குக் காரணம் எதிரியின் பலம் மட்டும் இல்லை, எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாததும்தான்.

அந்த நேரத்தில் மெட்ராஸ் கடலைப் பார்க்க வேறு யாருமே இல்லையா என்றால், இருந்தார்கள். பரங்கிமலையில் இந்திய விமானப்படையின் தொண்டர் விமானிகளைக் கொண்ட 1-ஆம் கடலோரப் பாதுகாப்புப் பிரிவு இருந்தது. அவர்களிடம் இருந்தவை வாபிட்டி என்ற பழைய இருதள விமானங்களும், பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த அட்டலாண்டா விமானங்களும். இவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் கடல்மேல் பறந்ததே பெரிய துணிச்சல். கரையிலிருந்து வெகுதூரம் போய்ப் பார்க்க அந்த விமானங்களால் முடியாது.

தூரம் போய்ப் பார்ப்பதன் மதிப்பு இலங்கையில் தெரிந்தது. ஏப்ரல் 4 அன்று கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கனடா நாட்டு 413-ஆம் ஸ்குவாட்ரனின் கேடலினா ஒன்று, ஜப்பானியக் கப்பல் படை வருவதைப் பார்த்துச் செய்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி லியனார்டு பிர்ச்சால் சிறைப்பட்டார். ஆனால் கொழும்புக்கு ஒரு நாள் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்துவிட்டது. மெட்ராஸுக்கும் அப்படி ஒரு கண் தேவைப்பட்டது. 1942 ஜூலையில் 240-ஆம் ஸ்குவாட்ரன் புழல் ஏரிக்கு வந்து சேர்ந்தது. ராணுவ ஆவணங்களில் இந்த இடத்தின் பெயர் ரெட் ஹில்ஸ் லேக்.

ஏன் ஏரி? கேடலினா ஒரு பறக்கும் படகு. அடிப்பாகம் படகு போலவே இருக்கும். அதற்கு ஓடுதளம் வேண்டாம், அலையில்லாத நீண்ட நீர்ப்பரப்பு வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடற்கரை திறந்த கடற்கரை. அங்கே அடிக்கும் அலையில் கட்டுமரம் இறக்குவதற்கே பழகிய கை வேண்டும். துறைமுகத்துக்குள்ளோ கப்பல்களின் நெரிசல். கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே பெரிய நீர்ப்பரப்பாக இருந்தது புழல் ஏரிதான். 1872 முதல் மெட்ராஸ் நகரம் அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. குடிதண்ணீர் ஏரியே விமானத் தளமாக மாறியது! நகருக்குத் தண்ணீர் போதவில்லை என்று சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது முயன்று தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல்தான் முடிந்தது. அதுவரை தட்டுப்பாட்டில் இருந்த ஒரு நகரம் தன் ஏரியைப் போருக்கும் பகிர்ந்துகொடுத்தது.

காப்பாற்ற வேண்டியவையும் இந்தப் பக்கம்தான் அதிகம் இருந்தன. இன்றுள்ள அனல்மின் நிலையங்களும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் அப்போது கிடையாது. ஆனாலும் துறைமுகம், எண்ணெய்த் தொட்டிகள், ராயபுரம் ரயில் பாதைகள், பேசின் பிரிட்ஜ் மின் நிலையம், ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்துகொடுத்த பெரம்பூர் பின்னி மில் என்று எல்லாமே வட மெட்ராஸில்தான். ஊருக்கு வருமானம் தருவது எந்தப் பக்கமோ, குண்டுக்குக் குறியும் அந்தப் பக்கம்தான்.

கேடலினா பார்ப்பதற்கு அழகான விமானம் என்று சொல்ல முடியாது. இறக்கையின் நீளம் சுமார் 32 மீட்டர். இரண்டு எஞ்சின்கள். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். போர் விமானம் ஒன்று எதிரே வந்தால் தப்பிக்க வழியில்லை. ஆனால் பதினைந்து, இருபது மணி நேரம் கீழே இறங்காமல் பறக்கும். உள்ளே எட்டு, ஒன்பது பேர். படுக்க இடமும், சமைக்க ஒரு சிறு அடுப்பும் உண்டு. பக்கவாட்டில் கண்ணாடிக் குமிழ் போன்ற இரண்டு ஜன்னல்கள். அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ரேடார் இருந்தாலும் கண்தான் முக்கியம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கிலோமீட்டர். போய் வர 2,740. இந்த வேகத்தில் கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம். முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். பெரிய கப்பல் என்றால் தெரிந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் சில கிலோமீட்டரிலேயே கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் ஒரே கடல் பகுதியில் இணைகோடுகள் போட்டதுபோல் போய்த் திரும்பி, போய்த் திரும்பித் தேட வேண்டும். பெரும்பாலான நாட்களில் குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இருக்காது. தண்ணீர், மேகம், மறுபடியும் தண்ணீர்.

இதில் என்ன சாதனை என்று கேட்கலாம். வணிகக் கணக்கில் இதற்கு நெருங்கிய உவமை இன்சூரன்ஸ் பிரீமியம். செலவு பேரேட்டில் தெளிவாகத் தெரியும், வரவு எங்கும் தெரியாது. மேலே விமானம் சுற்றுகிறது என்று தெரிந்தால் அந்தக் கால நீர்மூழ்கி பகலில் மேலே வரத் தயங்கும். தண்ணீருக்கடியில் அதன் வேகம் குறைவு, பாட்டரியும் தீர்ந்துவிடும். சரக்குக் கப்பல் அதற்குள் தப்பித்துப் போய்விடும். தப்பித்த கப்பலை யார் எண்ணுவார்கள்? எம்டன் எரித்த தொட்டிகளை எண்ண முடிந்தது.

காவல் இருந்தும் எல்லாம் தடுக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து மெட்ராஸ் துறைமுகப் பகுதியில் குண்டு போட்டுவிட்டுப் போனது, சேதம் பெரிதாக இல்லை. 1944 பிப்ரவரி 12-இல் மாலத்தீவு அருகே 'கெதிவ் இஸ்மாயில்' என்ற கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். இந்துமாக்கடல் மிகப் பெரியது, விமானங்கள் குறைவு.

புழலிலிருந்து ரோந்து மட்டும் போகவில்லை. இருட்டில் பர்மா, மலேயாப் பக்கக் கடற்கரைகளுக்கு ரகசிய ஆட்களைக் கொண்டுபோய் இறக்கும் வேலையும் நடந்தது. இதற்காகவும் வானிலைப் பறப்புகளுக்காகவும் 1944 மார்ச்சில் 628 என்ற தனி ஸ்குவாட்ரனை இங்கே உருவாக்கி, அதே அக்டோபரில் கலைத்து 240-உடன் சேர்த்துவிட்டார்கள். 191-ஆம் ஸ்குவாட்ரனும் சில மாதங்கள் இந்த ஏரியில் தங்கியது. 1946 ஜனவரியில் 240 கொக்கலைக்குப் போனது. மார்ச் 31 அன்று கலைக்கப்பட்டது. ஏரி மறுபடியும் வெறும் ஏரியானது.

சுதந்திர இந்தியாவில் இந்த வேலை 6-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. 1942 டிசம்பரில் திருச்சியில் பிறந்த படைப்பிரிவு அது. 1951-இல் அதற்குக் கொடுத்தவை லிபரேட்டர் விமானங்கள். பிரிட்டிஷார் போகும்போது கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போனவற்றை, பெங்களூர் எச்.ஏ.எல். பழுது பார்த்து எடுத்த கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று. பிறகு ஏர் இந்தியாவின் பழைய சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் வந்தன. 1976-இல் கடல் ரோந்துப் பொறுப்பே கடற்படைக்கு மாறியது. அந்த விமானங்களோடு தொடங்கிய கடற்படையின் 312-ஆம் ஸ்குவாட்ரன்தான் 1992 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருக்கிறது. ரஷ்யாவின் டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. 2013 முதல் பி-8ஐ ஜெட் விமானங்கள் பறக்கின்றன. புழலிலிருந்து அரக்கோணம் ரயில் தூரம்தான், தொழில் அதே தொழில்.

கரைக்குப் பக்கத்துக் கடலைக் கடலோரக் காவல்படை பார்த்துக்கொள்கிறது. 2015 ஜூன் 8 அன்று மாலை சென்னையிலிருந்து மூன்று பேரோடு ரோந்துக்குப் போன அதன் டார்னியர் விமானம் இரவு 9 மணிக்கு மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் நாள்கணக்கில் தேடின. கடைசியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்தான் அதன் கருவியிலிருந்து வந்த ஒலியைப் பிடித்தது. ஒரு மாதம் கழித்து, கடலூர்ப் பக்கக் கடலில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடைத்தன.